பூத் ஏஜெண்டின் நோட்டு: வாக்கு இயந்திரத்தை நீங்களே சரிபார்ப்பது எப்படி

ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும் யாராவது ஒருவர் என்னிடம் கேட்டுவிடுவார்: "டீச்சர், நீங்க எத்தனை தடவை பூத்ல உட்கார்ந்திருக்கீங்க, அந்த மிஷினை நம்பலாமா?" நான் கணித ஆசிரியையாக இருந்தவள். ஆறு தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக வேலை பார்த்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு ஒரு சுயேச்சை வேட்பாளருக்காக மேசைக்கு எதிர்ப்பக்கத்தில் முகவராகவும் ஒரு முறை உட்கார்ந்தேன். கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கணக்கில் விடை சரியா என்று பார்க்கப் போட்டவரின் முகத்தைப் பார்க்க மாட்டோம், திரும்பப் போட்டுப் பார்ப்போம். இயந்திரத்தின் கணக்கையும் அப்படித் திரும்பப் போட்டுப் பார்க்கச் சட்டம் ஒருவருக்கு இடம் கொடுத்திருக்கிறது. அவர்தான் வாக்குச்சாவடி முகவர். நம் பேச்சில் பூத் ஏஜெண்ட்.

அந்த இடத்தைப் பெரும்பாலானோர் வீணாக்குவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள், மத்தியானம் சாப்பிடப் போகிறார்கள், மாலையில் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். தோற்ற பிறகு இயந்திரத்தைக் குறை சொல்கிறார்கள். அடுத்த தேர்தலில் உட்காரப் போகிறவர்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் எதற்காகக் கவனிக்க வேண்டும் என்று தெரிய வேண்டும். நம் இயந்திரத்தில் மூன்று பாகங்கள். அலுவலரின் மேசையில் இருப்பது கன்ட்ரோல் யூனிட். மறைவிடத்தில் வாக்காளர் பட்டன் அழுத்துவது பேலட் யூனிட். அதன் பக்கத்தில் சீட்டு அச்சடிப்பது விவிபாட். பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் (பெல்), ஹைதராபாத்தின் எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் (இசிஐஎல்) என்ற இரண்டு பொதுத்துறை நிறுவனங்கள் இவற்றைச் செய்கின்றன. வெளி வலையமைப்பு எதோடும் இணைக்காமல் தனியாக இயங்கும் கருவி என்பது தேர்தல் ஆணையத்தின் விளக்கம். அதனால் தூரத்தில் உட்கார்ந்து ஒருவர் உள்ளே நுழைவதைவிட, யாராவது கையால் தொட்டு மாற்றிவிடுவாரோ என்பதுதான் பெரிய கேள்வி. 2010ல் ஹரி பிரசாத், அலெக்ஸ் ஹால்டர்மன், ராப் கோங்க்ரைப் ஆகியோர் இருந்த ஆய்வுக் குழு, இந்திய இயந்திரம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் டிஸ்ப்ளே பாகத்தை மாற்றினால் முடிவையே மாற்றிக் காட்டலாம் என்று செய்து காட்டியது. அது காகிதச் சீட்டு இல்லாத காலத்து இயந்திரம். ஆனாலும் அதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் இன்றைக்கும் பொருந்தும்: இயந்திரம் யார் கையில், எத்தனை மணிக்கு, எந்த சீலோடு இருந்தது என்பதற்குச் சாட்சி வேண்டும்.

இன்னொரு விஷயமும் என் மனதில் நின்றிருக்கிறது. 2009 மார்ச்சில் ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம், அங்கே பயன்படுத்திய வாக்கு இயந்திரங்கள் அரசியலமைப்புக்கு ஒவ்வாதவை என்று தீர்ப்பளித்தது. தேர்தலின் முக்கியமான கட்டங்களைத் தொழில்நுட்ப அறிவு இல்லாத சாதாரணக் குடிமகனும் சரிபார்க்க முடிய வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை. நம் ஊர் முறையை நான் அந்த அளவுகோலால்தான் பார்க்கிறேன். எஞ்சினியர் இல்லாத ஒருவரால் எதையெல்லாம் சரிபார்க்க முடியும்? நிறையவே முடியும். ஒரு 40 பக்க நோட்டும் இரண்டு பேனாவும் போதும்.

முந்தின நாளே எழுத வேண்டியவை

நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று எண்கள். உங்கள் பூத்துக்கு வரப்போகும் கன்ட்ரோல் யூனிட், பேலட் யூனிட், விவிபாட் ஒவ்வொன்றின் வரிசை எண். எந்த இயந்திரம் எந்த பூத்துக்குப் போகும் என்பதைக் கணினியில் இரண்டு கட்டமாகக் குலுக்கி முடிவு செய்கிறார்கள். முதல் குலுக்கலில் தொகுதிக்கும், இரண்டாவதில் வாக்குச்சாவடிக்கும் ஒதுக்குவார்கள். அந்தப் பட்டியல் வேட்பாளர்களுக்குக் கொடுக்கப்படும். உங்கள் வேட்பாளரின் தலைமை முகவரிடம் கேட்டு வாங்குங்கள். "அதெல்லாம் எதுக்கு" என்று சொன்னால் விடாதீர்கள். இந்த மூன்று எண்கள் இல்லாமல் பூத்துக்குள் போவது, கேள்வித்தாள் இல்லாமல் பரீட்சைக்குப் போவது மாதிரி.

படிவம் 10ல் உங்கள் நியமனக் கடிதம் இருக்க வேண்டும். ஒரு வேட்பாளருக்கு ஒரு முகவரும் இரண்டு மாற்று முகவர்களும் உண்டு. உள்ளே ஒரு நேரத்தில் ஒருவர்தான். செல்போனை உள்ளே பயன்படுத்த முடியாது, எனவே எல்லாம் நோட்டில்தான். மாற்று முகவர் வரும்போது அந்த நோட்டையே கைமாற்றுங்கள். ஆளுக்கு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினால் மாலையில் ஒன்றும் மிஞ்சாது.

விடியற்காலை: மாதிரி வாக்குப்பதிவு

வாக்குப்பதிவு 7 மணிக்கு என்றால் மாதிரி வாக்குப்பதிவு 5.30க்கு. 90 நிமிடத்துக்கு முன்பே தொடங்க வேண்டும் என்பது விதி. முகவர்கள் வரவில்லையென்றால் 15 நிமிடம் காத்திருந்து பார்த்துவிட்டு அலுவலர் தொடங்கிவிடலாம். நான் முதன்முதலில் தலைமை அலுவலராகப் போன பூத்தில் அப்படித்தான் ஆயிற்று. 5.45 வரை ஒருவரும் இல்லை. அப்புறம் ஒரே ஒரு இளைஞர் வந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்தார். நான் எல்லாவற்றையும் காட்டக் காட்ட, "சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்று தலையாட்டினார். சான்றிதழை நீட்டியதும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். நேர்மையாக வேலை செய்கிற அலுவலருக்கும் அது வருத்தம்தான். எதிரே ஒருவர் கூர்ந்து பார்த்திருந்தால்தானே நான் செய்தது சரி என்று சொல்ல நாளைக்கு ஓர் ஆள் இருப்பார்?

நீங்கள் 5.15க்கே போய்விடுங்கள். உள்ளே நுழைந்ததும் மூன்று கருவிகளின் வரிசை எண்ணையும் உங்கள் முதல் பக்கத்தோடு ஒப்பிடுங்கள். கன்ட்ரோல் யூனிட்டில் இளஞ்சிவப்பு நிறக் காகித சீல் ஒன்று இருக்கும். முதல்நிலைச் சோதனை நடந்தபோது கட்சிப் பிரதிநிதிகள் கையெழுத்திட்டது. அது கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு மாதிரி வாக்கு. குறைந்தது 50 வாக்குகள் போட வேண்டும், நோட்டா உட்பட ஒவ்வொரு பட்டனுக்கும் குறைந்தது ஒன்றாவது விழ வேண்டும். இந்த இடத்தில் ஒரு கணக்கு ஆசிரியையின் யோசனை. பெரும்பாலான பூத்களில் ஆளுக்கு ஐந்து, ஆளுக்கு மூன்று என்று சமமாகப் பிரித்துப் போடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். எல்லோருக்கும் ஐந்து விழுந்தால், இரண்டு பேருடைய வாக்குகள் ஒருவருக்கொருவர் மாறி ஏறினாலும் கன்ட்ரோல் யூனிட்டின் முடிவில் எல்லோருக்கும் ஐந்தே காட்டும். தவறு மறைந்துவிடும். அதனால் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு எண்ணிக்கை போடச் சொல்லுங்கள். ஒன்பது வேட்பாளர்களும் நோட்டாவும் என்று பத்து பட்டன் இருந்தால், முதல் பட்டனுக்கு 1, இரண்டாவதற்கு 2, இப்படியே பத்தாவதற்கு 10. கூட்டினால் 55. ஐம்பதும் தாண்டியாயிற்று, எந்த இரண்டு பேர் மாறினாலும் உடனே தெரிந்துவிடும். வேட்பாளர்கள் அதிகமிருந்தால் எல்லோருக்கும் தனி எண் கொடுக்க நேரம் போதாது. அப்போது பக்கத்துப் பக்கத்துப் பட்டன்களுக்காவது வேறு வேறு எண்ணிக்கை வரட்டும். அழுத்தும் வரிசையையும் கலைத்துப் போடுங்கள். ஒவ்வொரு அழுத்தலையும் நோட்டில் கோடு போட்டு எண்ணுங்கள்.

முடிந்ததும் மூன்று பட்டன்கள், அதே வரிசையில்: க்ளோஸ், ரிசல்ட், க்ளியர். நாங்கள் இதை சிஆர்சி என்போம். ரிசல்ட் காட்டும்போது ஒவ்வொரு எண்ணையும் உங்கள் கோடுகளோடு ஒப்பிடுங்கள். விவிபாட் பெட்டியிலிருந்து சீட்டுகளை எடுத்து எண்ணுவார்கள், அதையும் ஒப்பிடுங்கள். மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். க்ளியர் அழுத்திய பிறகு டோட்டல் பட்டனை அழுத்தச் சொல்லி பூஜ்யம் காட்டுகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். விவிபாட் பெட்டி காலி என்பதையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். மாதிரிச் சீட்டுகளின் பின்புறம் முத்திரை குத்தி, கருப்பு உறையில் போட்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, இளஞ்சிவப்பு சீல் ஒட்டுவார்கள்.

க்ளியர் அழுத்த மறப்பது நடக்கிற தவறு. இரவெல்லாம் தூங்காமல், விடியலில் அவசர அவசரமாக வேலை செய்கிற அலுவலர் மறந்துவிடுவார். அந்த 50 வாக்குகள் உண்மையான வாக்குகளோடு கலந்துவிட்டால் பகல் முழுக்க எண்ணிக்கை உதைக்கும், அந்த இயந்திரத்தை எண்ணிக்கை நாளில் ஒதுக்கி வைக்க வேண்டி வரும். "மேடம், டோட்டல் ஒரு தடவை காட்டுங்க" என்று நீங்கள் கேட்கும் ஒரு வாக்கியம் இதைத் தடுத்துவிடும்.

சீல் வைக்கும்போது

கன்ட்ரோல் யூனிட்டின் ரிசல்ட் பகுதிக்குப் பச்சைக் காகித சீல். அதில் வரிசை எண் அச்சிட்டிருக்கும். அதன்மேல் நீங்களும் கையெழுத்துப் போடலாம், போடுங்கள். ஒரு நாள் முழுக்க வேறு எதையும் எழுதாவிட்டாலும் இந்தப் பச்சை சீலின் எண்ணை எழுதாமல் இருக்காதீர்கள், எண்ணிக்கை நாளில் இதுதான் சாவி. பிறகு ஸ்பெஷல் டேக், வெளியே சுற்றி ஒட்டும் ஸ்ட்ரிப் சீல், விவிபாட் பெட்டிக்கு நூலும் அரக்கும். அவற்றின் எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பகல் முழுக்க

வாக்காளர் 17ஏ பதிவேட்டில் கையெழுத்திடுவார், விரலில் மை வைப்பார்கள், ஒரு சீட்டு கொடுப்பார்கள். அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டுதான் கன்ட்ரோல் யூனிட் அலுவலர் பட்டனை அழுத்தி ஒரு வாக்குக்கு வழிவிடுவார். வாக்கு விழுந்தால் பீப் சத்தம். பீப் வரும்போதெல்லாம் ஒரு கோடு போடுங்கள், ஐந்தாவது கோட்டைக் குறுக்கே இழுங்கள். பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்த அதே முறைதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தலைமை அலுவலர் டோட்டல் பார்ப்பார். டோட்டல் பட்டன் மொத்த எண்ணிக்கையை மட்டும்தான் காட்டும், யாருக்கு எத்தனை என்று காட்டாது. அந்த எண்ணை நேரத்தோடு எழுதி உங்கள் கோடுகளோடு ஒப்பிடுங்கள்.

எண்ணிக்கை ஏன் இவ்வளவு முக்கியம்? 2003ல் பெல்ஜியத்தின் ஸ்கார்பீக் என்ற இடத்தில் ஒரு வேட்பாளருக்கு 4096 வாக்குகள் கூடுதலாகப் பதிவாகின. அவருக்கு அந்த அளவு வாக்கு விழச் சாத்தியமே இல்லை என்பதால்தான் அது கண்ணில் பட்டது. 4096 என்பது இரண்டின் பன்னிரண்டாம் அடுக்கு. கணினியின் நினைவகத்தில் ஒரே ஒரு பிட் தானாகப் புரண்டதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று ஆராய்ந்தவர்கள் முடிவுக்கு வந்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு தொடவில்லை, ஆனாலும் எண்ணிக்கை தவறியது. அதைப் பிடித்தது கூட்டல் கழித்தல்தான்.

என் பூத்திலேயே ஒரு முறை மாலை 3 மணிக்குப் பதிவேட்டில் 613, இயந்திரத்தில் 612. எனக்கு வியர்த்துவிட்டது. ஒரு வாக்கு எங்கே போயிற்று? முகவர்களில் ஒருவர், நடுத்தர வயதுக்காரர், தன் நோட்டைப் புரட்டி, "11.20க்கு ஒரு பாட்டி கையெழுத்துப் போட்டுட்டு தலைசுத்துதுன்னு வெளியே போனாங்க, திரும்பி வரலை, பாகம் வரிசை எண் இது" என்று சொன்னார். தேடினால் அந்த அம்மாவிடம் கொடுத்த சீட்டு கன்ட்ரோல் யூனிட் மேசைக்கு வரவே இல்லை. பதிவேட்டில் குறிப்பு எழுதினேன், கணக்கு நேரானது. அந்த மனிதர் எந்தக் கட்சி என்று இப்போது எனக்கு நினைவில்லை. அவருடைய நோட்டு மட்டும் நினைவிருக்கிறது. அன்றைக்கு என் மானத்தைக் காப்பாற்றியது அது.

வாக்காளர்களுக்கு நீங்கள் வெளியே முந்தின நாளே சொல்லி வைக்க வேண்டிய ஒன்று உண்டு. பட்டன் அழுத்தியதும் விவிபாட் கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி ஒரு சீட்டு தெரியும். அதில் வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம் மூன்றும் இருக்கும். பீப் கேட்டதும் திரும்பி நடந்துவிடாமல் சீட்டைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். வாக்காளர் பார்க்காத சீட்டுக்கு அர்த்தமே இல்லை. அந்தப் பெட்டிக்குள் விழுவது அவர் பார்த்து ஒப்புக்கொண்ட சீட்டு என்பதில்தான் முழு ஏற்பாடும் நிற்கிறது.

தான் போட்டது ஒன்று, சீட்டில் வந்தது வேறு என்று ஒருவர் சொன்னால், அதற்கு 49எம்ஏ என்ற விதி இருக்கிறது. பொய்யாகச் சொன்னால் தண்டனை உண்டு என்று எச்சரித்து, எழுத்தில் உறுதிமொழி வாங்கி, அலுவலரும் முகவர்களும் பார்க்க ஒரு சோதனை வாக்கு போட விடுவார்கள். புகார் உண்மையானால் வாக்குப்பதிவை அங்கேயே நிறுத்திவிட்டுத் தேர்தல் நடத்தும் அலுவலருக்குத் தகவல் சொல்ல வேண்டும். பொய்யானால் அந்தச் சோதனை வாக்கு இயந்திரத்தில் ஏறியிருக்கும், பிறகு கழிக்கப்பட வேண்டும். ஆகவே அது யாருக்கு விழுந்தது, எத்தனை மணிக்கு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

நடுவில் இயந்திரம் பழுதானால் பதற வேண்டாம். விவிபாட் மட்டும் கெட்டால் அதை மட்டும் மாற்றுவார்கள். கன்ட்ரோல் யூனிட்டோ பேலட் யூனிட்டோ கெட்டால் மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டும், புது இயந்திரத்தில் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு மாதிரி வாக்கு போட்டுப் பார்க்க வேண்டும். புது எண்கள், புது சீல்கள், பழைய இயந்திரத்தின் கடைசி டோட்டல், எல்லாம் நோட்டில் ஏறட்டும்.

17சி: இதை வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்

முடிகிற நேரத்தில் வரிசையில் நிற்பவர்களுக்குக் கடைசி ஆளிலிருந்து தொடங்கி டோக்கன் கொடுப்பார்கள். எல்லோரும் போட்டு முடித்ததும் க்ளோஸ் பட்டன். அதன்பின் இயந்திரம் வாக்கு எதையும் ஏற்காது. திரையில் வரும் மொத்தத்தை எழுதுங்கள். இப்போது உங்கள் கோடுகள், 17ஏ பதிவேடு, கன்ட்ரோல் யூனிட், மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கையெழுத்திட்டு வாக்களிக்காமல் போனவர், சோதனை வாக்கு ஆகியவற்றைக் கழித்தால் நேராக வர வேண்டும். டெண்டர் ஓட்டு, அதாவது தன் பெயரில் வேறு யாரோ ஏற்கெனவே போட்டுவிட்டதால் உண்மையான வாக்காளர் போடுவது, காகிதச் சீட்டில் தனியாகப் போடப்படுவது, அது இயந்திரக் கணக்கில் சேராது.

இதையெல்லாம் தலைமை அலுவலர் படிவம் 17சியின் முதல் பகுதியில் எழுதுவார். வாக்குப்பதிவு முடியும்போது அங்கே இருக்கும் ஒவ்வொரு முகவருக்கும் அதன் உண்மை நகலைக் கொடுத்து, பெற்றதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும். இது 49எஸ் விதி, அலுவலரின் கடமை. ஆனால் "அங்கே இருக்கும்" என்ற வார்த்தையைக் கவனியுங்கள். நான்கு மணிக்கே கிளம்பிப் போனவருக்கு அது கிடைக்காது.

நான் முகவராக உட்கார்ந்த அந்த ஒரு முறை, அலுவலருக்கு அவசரம். இயந்திரம் ஏற்றும் வண்டி வந்து நின்றுவிட்டது, மழை வரும்போல இருந்தது. "அம்மா, நகல் அப்புறம் ஆபீஸ்ல வாங்கிக்கலாம்" என்றார். அவர் படும் பாடு எனக்குத் தெரியும், நானும் அந்த நாற்காலியில் இருந்தவள்தான். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. "சார், விதி 49எஸ். நான் எழுதித் தரேன், நீங்க சரிபார்த்துக் கையெழுத்து மட்டும் போடுங்க" என்றேன். பத்து நிமிடத்தில் முடிந்தது. மற்ற இரண்டு முகவர்களும் அப்போதுதான் தங்களுக்கும் கேட்டார்கள். அதுவரை அவர்களுக்கு அப்படி ஒரு காகிதம் இருப்பதே தெரியாது.

இந்த நகல் ஏன் உயிர் போன்றது என்றால், பூத்தில் பதிவான எண்ணிக்கைக்குத் தேர்தல் அலுவலகத்துக்கு வெளியே இருக்கும் ஒரே அதிகாரப்பூர்வ சாட்சி அதுதான். 2024 நாடாளுமன்றத் தேர்தலின்போது 17சி விவரங்களை இணையதளத்தில் வெளியிடச் சொல்லி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். தேர்தல் நடந்துகொண்டிருந்த நிலையில் இடைக்கால உத்தரவு எதுவும் கிடைக்கவில்லை. அதாவது அந்த எண் உங்கள் கையில் இருந்தால் இருக்கிறது, இல்லையென்றால் ஒப்பிட வழியில்லை.

பாதுகாப்பு அறை

பெட்டிகளின் டேக்கில் உங்கள் கையெழுத்தும் இருக்கட்டும். இயந்திரங்கள் போகும் வண்டியைப் பின்தொடர்ந்து போக வேட்பாளர் தரப்புக்கு அனுமதி உண்டு. பாதுகாப்பு அறைக்கு இரட்டைப் பூட்டு, கேமரா, 24 மணி நேரக் காவல். பூட்டின்மேல் வேட்பாளர்களும் தங்கள் சீலை வைக்கலாம். வெளியே ஆள் வைத்துக் காவல் இருக்கலாம்.

இந்த நாட்களில்தான் வதந்தி பறக்கும். ஏதோ ஒரு வண்டியில் இயந்திரங்கள் போகிற வீடியோ வரும். பயன்படுத்தாத ரிசர்வ் இயந்திரங்கள் வேறு இடத்தில் வைக்கப்படுகின்றன, அவை நகர்வதும் உண்டு. வீடியோவைப் பரப்புவதற்கு முன் வண்டியில் இருக்கும் இயந்திரத்தின் வரிசை எண்ணைக் கேளுங்கள். வாக்குப் பதிவான இயந்திரங்களின் பட்டியலில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உடனே எழுத்தில் புகார் கொடுங்கள். இல்லையென்றால் அந்த வீடியோவை அங்கேயே நிறுத்துங்கள். பொய்யான ஒரு புகார் பத்து உண்மையான புகாரின் மதிப்பைக் கெடுத்துவிடும்.

எண்ணிக்கை நாள்

பூத்தில் உட்கார்ந்தவரும் எண்ணிக்கை முகவரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். அதனால் 17சி நகலும் நோட்டும் கைமாற வேண்டும். பல கட்சிகள் கோட்டை விடுவது இங்கேதான். நகல்கள் யார் வீட்டிலோ அலமாரியில் கிடக்கும், எண்ணிக்கை மேசையில் ஒருவர் வெறுங்கையோடு கம்பி வலைக்குப் பின்னால் நிற்பார். வாக்குச்சாவடி எண் வரிசையில் நகல்களை அடுக்கி, மேசை வாரியாகப் பிரித்துக் கொடுங்கள்.

மேசைக்குக் கன்ட்ரோல் யூனிட் வந்ததும் மூன்றே பார்வை. கருவியின் வரிசை எண், பச்சை சீலின் எண்ணும் கையெழுத்தும், திரையில் வரும் மொத்த வாக்கு. மூன்றும் உங்கள் காகிதத்தோடு பொருந்தினால்தான் ரிசல்ட் அழுத்தட்டும். பொருந்தாவிட்டால் அந்த இடத்திலேயே சொல்லுங்கள், அந்த இயந்திரத்தை ஒதுக்கி வைத்துத் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் கொண்டு போவார்கள். முடிவு எண்கள் 17சியின் இரண்டாம் பகுதியில் ஏறும். படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

கடைசிச் சுற்று முடிந்ததும் ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும், நாடாளுமன்றத் தேர்தலானால் அதன் ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும், குலுக்கலில் ஐந்து பூத்தைத் தேர்ந்தெடுத்து விவிபாட் சீட்டுகளைக் கையால் எண்ணுவார்கள். 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்ன எண்ணிக்கை இது, அதற்கு முன் ஒன்றுதான். இதற்கென்று வங்கி கேஷியர் அறை மாதிரி வலையடித்த தனி இடம் இருக்கும். முடிவு வந்துவிட்டது என்று எல்லோரும் வெளியே பட்டாசு கொளுத்தப் போய்விடும் நேரம் அது. நீங்கள் போகாதீர்கள். சீட்டும் இயந்திரமும் வேறுபட்டால் சீட்டின் எண்ணிக்கைதான் செல்லும் என்று விதி 56டி சொல்கிறது. காகிதம் இயந்திரத்தைத் தோற்கடிக்கும் இடம் இது ஒன்றுதான், அங்கே சாட்சி இல்லாமல் இருக்கலாமா?

ஐந்து போதுமா என்பதில் எனக்கு மனக்குறை உண்டு. ஒரு தொகுதியில் 250 பூத் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் 125ல் கோளாறு என்றால், ஐந்து எடுத்தாலே ஒன்றாவது சிக்க 97 சதவீத வாய்ப்பு. ஆனால் 25ல் மட்டும் கோளாறு என்றால் வாய்ப்பு 41 சதவீதம்தான். வெற்றி வித்தியாசம் சில நூறு வாக்குகளாக இருக்கும்போது அந்த 25 பூத் போதுமே முடிவைப் புரட்ட! அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2017லிருந்து வித்தியாசம் குறையக் குறைய அதிகச் சீட்டுகளை எண்ணும் முறையை வைத்திருக்கிறது. இங்கேயும் அப்படி வர வேண்டும் என்று நான் விரும்புகிறேன். வரும்வரை, முடிவை அறிவிப்பதற்கு முன் குறிப்பிட்ட பூத்களின் சீட்டுகளை எண்ணக் கேட்டு வேட்பாளரோ அவரது முகவரோ எழுத்தில் மனு கொடுக்கலாம். ஏற்பதும் மறுப்பதும் தேர்தல் நடத்தும் அலுவலரின் முடிவு, ஆனால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். "சந்தேகமாக இருக்கிறது" என்று மொட்டையாக எழுதினால் மறுத்துவிடுவார்கள். பூத் எண், 17சியின் எண்ணிக்கை, எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று நோட்டிலிருந்து எடுத்து எழுதினால் மனுவுக்கு எடை வரும்.

அதற்கும் பிறகு

2024 ஏப்ரல் 26ல் உச்ச நீதிமன்றம் எல்லா விவிபாட் சீட்டுகளையும் எண்ணக் கேட்ட மனுக்களைத் தள்ளுபடி செய்தது. கூடவே இரண்டு புது வழிகளைத் திறந்தது. விவிபாட்டில் சின்னங்களை ஏற்றும் கருவியையும் சீல் வைத்து முடிவுக்குப் பின் 45 நாள் பாதுகாப்பு அறையில் வைக்க வேண்டும். இரண்டாம், மூன்றாம் இடம் வந்த வேட்பாளர்கள், முடிவு வந்த ஏழு நாளுக்குள் எழுத்தில் கேட்டால், ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் 5 சதவீத இயந்திரங்களின் நினைவகத்தை எஞ்சினியர்கள் சரிபார்ப்பார்கள். செலவு கேட்பவருடையது, முறைகேடு தெரிந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். எந்த இயந்திரங்கள் என்று பூத் எண்ணோ வரிசை எண்ணோ கொடுத்துக் கேட்பது வேட்பாளர்தான். எதைக் கேட்பது என்று அவருக்கு எப்படித் தெரியும்? மறுபடியும் உங்கள் நோட்டுதான்.

உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போடவும் 45 நாள்தான் கெடு. அதுவரை நோட்டைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். 17சி நகல் கார்பன் பிரதியாக இருந்தால் எழுத்து மங்கிவிடும், மறுநாள் காலையிலேயே இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை வேட்பாளரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மூலத்தை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.